எட்டுத் தடவை பஸ் ஏறியும் வராத காசு

போன செமஸ்டர் லீவில் நாங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்து லயத்து அத்தை ஒரு சீலைப் பையோடு வந்தார். பைக்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சம்பளத் துண்டுகள், சிங்களத்தில் வந்த ஒரு கடிதம்.

"தம்பி, நீங்கல்லாம் கெம்பஸ்ல படிக்கிறீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சு சொல்லுங்க."

அத்தை 31 வருஷம் கொழுந்து பறித்தவர். முழங்கால் போய், மலை ஏற முடியாமல் வேலையை நிறுத்தி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. சேவைக்காலப் பணமும் வரவில்லை, ஈ.பி.எப். காசும் வரவில்லை. டவுனுக்கு எட்டுத் தடவை போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, ஒரு நாள் பொழுது, "அடுத்த வாரம் வாங்க" என்ற ஒரு பதில். எங்களில் ஒருத்திக்கு மட்டும் சிங்களம் தட்டுத்தடுமாறி வாசிக்க வரும். அவள் வாசித்துச் சொன்ன விஷயம் இவ்வளவுதான்: அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் தோட்டத்துப் பதிவில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் முதலெழுத்து அப்பாவுடையது, மற்றதில் புருஷனுடையது.

31 வருஷமாக அந்தப் பெயரில்தான் பிரட்டுக்களத்தில் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில்தான் தொழிற்சங்கத்துக்குச் சந்தா வெட்டினார்கள். வெட்டும்போது பொருந்திய பெயர், கொடுக்கும்போது பொருந்தவில்லையாம்.

தோட்டத்தின் பெயரை நாங்கள் எழுதவில்லை. எழுதினால் அத்தைக்குத்தான் தொல்லை. அதோடு, இது ஒரு தோட்டத்துக் கதையும் இல்லை. ஹட்டனில், தலவாக்கலையில், மஸ்கெலியாவில், ராகலையில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே இப்படி ஒரு பை ஞாபகத்துக்கு வரும்.

அன்று ராத்திரி எங்களில் ஒருவன் கேட்டான்: "ஏன்டா, வேலை போனா அரசாங்கம் காசு குடுக்கிற முறை நம்ம நாட்டுல இல்லியா?"

இல்லை. இலங்கையில் வேலையில்லாதோர் காப்புறுதி என்று ஒரு சட்டம் இல்லை. அஸ்வெசும இருக்கிறது. அது குடும்பத்தின் வறுமையைப் பார்த்துக் கொடுக்கும் உதவி, வேலை போன தொழிலாளிக்கு உரிமையாக வரும் பணம் அல்ல. நேற்றுவரை சம்பளம் வாங்கியவர் இன்று வேலையிழந்தால், அடுத்த வேலை கிடைக்கும்வரை மாதாமாதம் இவ்வளவு என்று கொடுக்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது.

பிரிட்டனில் 1911ஆம் வருஷத்துத் தேசிய காப்புறுதிச் சட்டம், கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் மாதிரி சில தொழில்களில் வேலையிழந்தவர்களுக்கு வாரம் 7 ஷில்லிங் கொடுக்க வழி செய்தது. அதே காலத்தில் அந்த நாட்டு முதலாளிகளின் தேயிலைத் தோட்டங்களில் எங்கள் பாட்டன் பூட்டன்மார் துண்டு முறையில் கடனோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டார்கள். துண்டு முறை ஒழிந்ததே 1921இல்தான். அங்கே வேலை போன தொழிலாளிக்கு வாரக் காசு. இங்கே தோட்டத்தை விட்டு அனுப்பினால் கையில் ஒரு பற்றுச்சீட்டு. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. வாரக் காசு இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

சரி, இல்லாததை விடுவோம். இருக்கிறது என்ன? மூன்று பணம் இருக்கிறது. மூன்றுமே நாம் உழைத்த காசு.

முதலாவது ஈ.பி.எப்., ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும், முதலாளி 12 வீதம் போட வேண்டும். இரண்டாவது ஈ.டி.எப்., ஊழியர் நம்பிக்கை நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். இதில் 3 வீதம் முழுக்க முதலாளியுடையது, தொழிலாளியிடம் ஒரு சதமும் வெட்டக் கூடாது. மூன்றாவது பணிக்கொடை, நம்ம ஊரில் சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருஷம் முடித்தவருக்கு, நாட்சம்பளக்காரராக இருந்தால், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

அத்தையின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. 14ஆல் பெருக்கினால் 18,900. 31 வருஷத்துக்கு 5,85,900 ரூபா. பிந்திக் கொடுத்தால் சட்டம் மேலதிகக் கட்டணம் போடுகிறது: ஒரு மாதம் வரை 10 வீதம், அப்படியே ஏறி, ஒரு வருஷத்துக்கு மேல் போனால் 30 வீதம். அத்தைக்கு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஆகவே இன்னும் 1,75,770. மொத்தம் 7,61,670 ரூபா.

இந்தத் தொகையைச் சொன்னபோது அத்தை சிரித்தார். "அம்புட்டு காசு எனக்கு எதுக்குய்யா குடுப்பாங்க? ஏதோ ஒரு அம்பதாயிரம் கெடச்சா போதும்."

எங்களுக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். 31 வருஷத்து உழைப்பு, அவருடைய மனசில் ஐம்பதாயிரம் ரூபா பிச்சையாகக் குறைந்து கிடக்கிறது. காசைப் பிடித்து வைத்ததைவிடப் பெரிய களவு இது. உரிமையை உதவி மாதிரி நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். துரை மனசு வைக்கணும், கிளாக்கர் ஐயா கையெழுத்துப் போடணும், தலைவர் ஒரு வார்த்தை சொல்லணும். மூன்று சட்டம் கொடுத்ததை மூன்று பேருடைய தயவாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது ஈ.பி.எப். சட்டத்தின் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது ஆனால் எடுக்கலாம். நிரந்தரமாக உடல் முடியாமல் போனால் எடுக்கலாம். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போனால் எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண் எடுக்கலாம். வேலை போனால்? முடியாது. 35 வயதில் வேலையிழந்த ஒரு ஆண் தன் சொந்த 8 வீதத்தை முழுசாக எடுக்க 20 வருஷம் காத்திருக்க வேண்டும். பணிக்கொடையை விட்டால், வேலை நின்றதும் வயது பார்க்காமல் கேட்கக்கூடியது அந்த 3 வீத ஈ.டி.எப். மட்டும்தான். அதையும் ஒரு தடவை எடுத்தால் மறு தடவைக்கு 5 வருஷம் போக வேண்டும். மாதம் 25 பேர் போட்டு 33,750 ரூபா சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.டி.எப். மாதம் 1,012 ரூபா 50 சதம். பணிக்கொடை தவிர, நம்ம நாட்டுத் தொழிலாளிக்கு வேலையில்லாக் காலத்துக்கென்று கையில் இருக்கிறது இவ்வளவுதான்.

அந்தச் சின்னக் காசையும் விட்டு வைக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை.

முதல் வழி கைகாசு. 'பேர்' விழுந்தால் ஈ.பி.எப்., ஈ.டி.எப். எல்லாம் போட வேண்டும். கைகாசு என்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து முடித்துவிடலாம். ஒரு பேருக்கு 1350 ரூபா என்று வைத்தால், 12 வீதம் 162 ரூபா, 3 வீதம் 40 ரூபா 50 சதம். ஒரு நாளைக் கைகாசாக மாற்றினால் ஒரு ஆளிடம் முதலாளிக்கு 202 ரூபா 50 சதம் மிச்சம். நிர்ணயித்த கிலோ வரவில்லை என்று அரைப் பேர் போட்டால் அதிலும் பாதி மிச்சம். வீட்டில் "இன்னைக்குக் கைகாசு, உடனே காசு கெடைக்கும்" என்று சந்தோஷப்படும்போது, பின்னால் வரவேண்டிய காசு அங்கேயே கரைந்து போகிறது. நாங்களும் அந்தக் காசில் கொப்பி வாங்கியவர்கள்தான். அதனால் அம்மாமாரைக் குற்றம் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறோம்.

இரண்டாவது வழி 'அவுட்குரோவர்'. தேயிலைச் செடியைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, "நீங்களே பராமரிங்க, கொழுந்தை எங்களுக்கே குடுங்க" என்கிற முறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றையிலிருந்து அவர் தொழிலாளியா, சின்ன வியாபாரியா? வியாபாரி என்றால் அந்த வருமானத்துக்கு முதலாளி கிடையாது. முதலாளி இல்லாத இடத்தில் 12 வீதமும் இல்லை, 3 வீதமும் இல்லை, 14 நாள் சம்பளமும் இல்லை. நிலத்தை எழுதிக் கொடுத்தால் பேசலாம். நிலமும் கம்பெனியுடையது, விலையும் கம்பெனியுடையது, நட்டம் மட்டும் நம்முடையது என்றால் அதற்குப் பெயர் சுயதொழில் இல்லை.

மூன்றாவது வழி, "அவங்களாத்தான் நின்னுட்டாங்க." ஒருவரை நிறுத்தியதை அவர் தானாக நின்றதாக எழுதிக்கொள்வது. இதற்கு எதிராக 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், ஒரு வருஷத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் அந்தச் சட்டம் வேலை நிறுத்தமாகத்தான் பார்க்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் என்றாலும், நிறுத்தி இரண்டாவது வேலைநாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதித் தராமல் வாயால் "நாளையிலருந்து வராதே" என்று சொன்னால் அது சட்டப்படி செல்லாது. ஆனால் 6 மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். தொழில் நியாயசபைக்குப் போவதற்கும் அதே 6 மாதம்தான். "பேசிப் பாப்போம், பேசிப் பாப்போம்" என்று தலைவர்மார் இழுக்கும்போது ஓடுவது அந்த 6 மாதம்.

இதெல்லாம் தோட்டத்துக்குள் இருக்கிறவர்களின் பிரச்சினை, நாம் கொழும்புக்குப் போய்விட்டோம் என்று நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் கொரோனா வந்து நாடே மூடியபோது, முதலாளிமார், தொழிற்சங்கங்கள், தொழில் அமைச்சு மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு இணக்கத்துக்கு வந்தார்கள்: வேலைக்குக் கூப்பிட முடியாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. வேலையில்லாக் காலத்துக் கொடுப்பனவுக்குக் கிட்ட இந்த நாடு வந்த ஒரே சந்தர்ப்பம் அது என்று நாங்கள் நினைக்கிறோம். எங்களில் ஒருவனுடைய அண்ணன் அப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றான். அவனுக்குப் பாதிச் சம்பளமும் வரவில்லை, கடைக்காரர் போனையும் எடுக்கவில்லை. கேட்கப் போனால் கையில் நியமனக் கடிதம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை, ஈ.பி.எப். இலக்கம் இல்லை. நான்கு வருஷம் அங்கே நின்று வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் கடுதாசி சாட்சி இல்லை. அத்தையிடமாவது ஒரு பை இருந்தது.

காசு முறையாகப் போய்ச் சேர்ந்தாலும் கதை முடியவில்லை. நாடு வங்குரோத்தாகி, 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வங்கிகளின் பிணைமுறிகளை விட்டுவிட்டு, ஈ.பி.எப். மாதிரியான ஓய்வுக்கால நிதிகளின் பிணைமுறிகளைத்தான் மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் 14 வீத வரி 30 வீதமாகும் என்ற நிபந்தனையோடு. கொழுந்து பறித்த கையில் வெட்டிய 8 வீதம் நாட்டுக் கடனுக்கு முட்டுக் கொடுத்தது. அதற்காக எந்த லயத்திலும் யாரும் வந்து நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

இனி, எங்களுக்கு வழமையாக வரும் மூன்று பதில்களுக்கு வருவோம்.

"தேயிலை நட்டத்துல போகுது, கம்பெனி எங்க போவும்?" ஈ.பி.எப்.பும் சேவைக்காலப் பணமும் லாபத்தில் பங்கு அல்ல. செய்து முடித்த வேலையின் சம்பளத்தில் பிந்திக் கொடுக்கிற பகுதி. நட்டம் என்றால் உரத்துக்கும் டீசலுக்கும் காசு கொடுக்காமல் விடுகிறார்களா? அரசாங்கமே நடத்தும் ஜனவசம, எஸ்.பி.சி. தோட்டங்களின் ஈ.பி.எப்., ஈ.டி.எப்., பணிக்கொடை நிலுவைகள் பாராளுமன்றம் வரை போய்ப் பேசப்பட்டவை. தனியார் கம்பெனியைக் கண்காணிக்க வேண்டிய அரசே கடன்காரனாக நின்றால், கம்பெனி யாருக்குப் பயப்படும்?

"நாங்க சம்பளத்தைக் கூட்டித் தந்தோமே?" இது சங்கங்களின் பதில். ஆயிரம் ரூபாவுக்கு எத்தனை வருஷம் போராடினோம் என்று எங்களுக்கும் தெரியும். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 என்றார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் அடிப்படைச் சம்பளம் 1350இல் வந்து நின்றது. நாட்சம்பளம் முக்கியம்தான். ஆனால் அந்த நாட்சம்பளம் நிற்கிற நாளைப் பற்றி எந்த மே தின மேடையிலும் நாங்கள் கேட்டதில்லை. மாதாமாதம் சந்தா வாங்குகிற சங்கம், வேலை நின்றவருக்கு K படிவம் நிரப்பிக் கொடுக்க ஒரு மேசை போடலாம். தோட்டத்துக்குத் தோட்டம் நிலுவை எவ்வளவு என்று ஒரு பட்டியல் ஒட்டலாம். படிவத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்கிற தலைவரைவிட, அதை நிரப்பச் சொல்லிக் கொடுக்கிற தலைவர்தான் எங்களுக்கு வேண்டும்.

"படிச்சு வெளிய போனா இந்தப் பிரச்சினை இல்லியே?" இது எங்கள் பதில். ஆமாம், கெம்பஸ் வந்த நாங்கள் உள்ளுக்குள் நினைப்பது இதுதான். மலையகம் 200 என்று கட்டுரை எழுதினோம், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களின் போட்டோவை ஷெயார் பண்ணினோம். ஆனால் அத்தை பையைத் திறந்தபோது எங்களில் ஒருவருக்கும் K படிவம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. 1983ஆம் வருஷத்துச் சட்டம் எங்கள் வயதைவிட மூத்தது. அதை அன்றைக்குத்தான் முதல் முதலாக வாசித்தோம். வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரையில் உள்ள கோபத்தில் பாதி எங்கள் மேலேயே உள்ளதுதான்.

அதனால் இனி லீவுக்கு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் இதைச் செய்யலாம். வீட்டில் வேலை செய்கிறவர்களின் அடையாள அட்டையையும் செக்ரோல் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் அவர்கள் வேலையில் இருக்கும்போதே சத்தியக் கடதாசி கொடுத்துத் திருத்துங்கள், நின்ற பிறகு திருத்துவது பெரும்பாடு. சம்பளத் துண்டுகளை அடுப்பில் போடாமல், போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மத்திய வங்கியிலிருந்து வருகிற ஈ.பி.எப். கணக்கு அறிக்கையை ஆபீசில் கேட்டு வாங்கி, பேர் போட்ட மாதங்கள் எல்லாம் அதில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். காசு போடப்படவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, அதற்கு இலக்கம் வாங்குங்கள். தொழில் ஆணையாளர் நினைத்தால், நிலுவையை நீதவான் நீதிமன்றத்தில் தண்டப்பணம் அறவிடுவது போலவே அறவிட முடியும். பதில் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சிங்களத்தில் கடிதம் வந்தால், தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள், அது அரசியலமைப்பில் உள்ள உரிமை.

இது வீட்டுக்கு வீடு செய்கிற வேலை. இதால் மட்டும் தீராது. அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. வேலையில்லாதோர் காப்புறுதிக்கு ஒரு சட்டம் வேண்டும், அதில் நாட்கூலியும் கைகாசும் கடைப் பையனும் வீட்டு வேலைக்குப் போகிற தங்கச்சியும் அடங்க வேண்டும். கைகாசு நாளுக்கும் சம்பளத்துக்குரிய எல்லா நிதியும் போட வேண்டும். பெயர் எழுதியதில் வந்த பிழையை எழுதிய ஆபீஸ்தான் திருத்திக் கொடுக்க வேண்டும், பிழை செய்யாதவர் பஸ் ஏறக் கூடாது.

அத்தையோடு ஒன்பதாவது தடவை பஸ் ஏறியது நாங்கள் மூன்று பேர். தொழில் அலுவலகத்தில் முதலில் "அடுத்த வாரம் வாங்க" என்றுதான் சொன்னார்கள். முறைப்பாடாக எழுதித் தருகிறோம், ஏற்றுக்கொண்டதற்கு இலக்கம் தாருங்கள் என்று நின்றோம். அரை மணித்தியாலம் கழித்து ஒரு துண்டில் இலக்கம் எழுதிக் கொடுத்தார்கள். காசு இன்னும் வரவில்லை. திரும்பி வரும்போது அத்தை அந்தத் துண்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏழு லட்சத்து அறுவத்தோராயிரத்து எவ்வளவுன்னு சொன்ன தம்பி?"

"அறுநூத்தி எழுபது, அத்தை."

"அத எழுதிக் குடு. அடுத்த தடவை நானே கேக்கிறேன்."